தம் வாழ்வையே நூலாக்கிய இராமலிங்க அடிகள்

நம் சங்கத்தின் மாத வெளியீட்டிற்கு ஒரு வியாசம் எழுதித் தருக என்று வேண்டுந்தோறும், அன்பர்கள் பலர் கூறும் விடை ஒன்றேயாம். எழுத ஆசை உண்டென்றும், எழுதுதற்குரிய பொருள்தான் அகப்படவில்லையென்றும் அவர்கள் சொல்லுகின்றனர். வேறு சிலர் எழுதித் தருகின்றனர். ஆயினும் அவர்கள் தருவன பழைய நூல்களிற் கண்டவற்றைத் திரும்பக் கூறுவனவாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. அவற்றைப் படிப்போர் மதிப்பர், மனத்திற் பதித்துக்கொள்வாரல்லர். எழுதுதற்குரிய பொருள் எங்கே உளது என்னும் இவ்வினாவிற்கு, சிதம்பரத்தின் அருகே பிறந்து, சென்னையில் வளர்ந்து, மீண்டும் நம் நாட்டிற்கே வந்து வடலூரை விளக்கமுறச் செய்த இராமலிங்க அடிகளின் சரித்திரம் தெளிவான விடையாகும். அதனை நம் குடும்பத்தினர் அனைவரும் அறியும் வண்ணம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தன் வாழ்விற் பட்டதனைப் பொருளாக்கிப் பாடுதல் இந்நாட்டிற்குப் புதியதன்று. கடலூரையடுத்த திருவதிகையிலே, சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், அந்நோயையே முதற் பொருளாகக் கொண்டு தம் முதற் பதிகத்தைப் பாடினார். அவர் கல்லோடு கடலில் இடப்பட்டுக் கரையேறிய இடம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரெனப் பெரியபுராணம் கூறும். வயிற்றுவலி பாட்டிற்குரிய பொருளாகுமோ என்று அப்பெருமான் ஐயுறவில்லை. அவ்வழியில் வந்தவரே நம் அடிகள்.

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில், 1823ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள், கருணீகர் மரபில் அடிகள் தோன்றினார். தந்தையார் இராமையா பிள்ளை அவ்வூர்க் கிராமக் கணக்கர். சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தும் வந்தவர். தாயார் சின்னம்மையார். மக்கள் ஐவருள் கடைக்குட்டியே இராமலிங்கர். குழந்தை பிறந்து சில மாதங்களில் பெற்றோர் அதனை எடுத்துக்கொண்டு தில்லைக்குச் சென்றனர். நடராசப் பெருமான் சந்நிதியில் திரை தூக்கப்பட்டபோது, கைக்குழந்தை வாய்விட்டு நகைத்ததென்று சரித்திரமெழுதினோர் கூறுவர். நாம் ஈண்டு நோக்கத்தக்கது பிறிதொன்று. பல்லாண்டு கழிந்தபின் அருள்விளக்க மாலை பாடுங்காலத்து, தாய் முதலியோருடன் தில்லைக்குச் சென்றதனையும், திரை தூக்கியபோது தாம் கண்டதனையும் அடிகள் தாமே செய்யுளில் வைத்துள்ளார். குழந்தையைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லுதல் எல்லாக் குடும்பத்திலும் நிகழ்வதொன்றே. அதனை மறவாது போற்றி, அதனுட் பொருள் கண்டு கூறியதே அவர் பெருமை.

குழந்தை கைப்பிள்ளையாயிருக்கும்போதே தந்தையார் காலமானார். கணக்கர் வீட்டு வருவாய் அவரோடு நின்றது. தாயார் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் பிறந்தகத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் சென்றார். ஏழுகிணற்றுப் பகுதியில் குடியிருந்தனர். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கஞ் செய்து அதனால் வரும் பொருளைக்கொண்டு குடும்பத்தைத் தாங்கினார். தம்பியைப் படிக்கவைத்து முன்னேற்ற வேண்டுமென்னும் கவலை அவருக்கு இருந்தது. காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பியும் பார்த்தார். சிறுவரோ பள்ளியில் தங்காது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் பொழுதைக் கழித்தனர். தமையனார் சினந்து வீட்டிற் சோறிட வேண்டாமென்று கட்டளையிட, அண்ணியார் மறைவாகச் சோறிட்டு வந்தாரென்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. ஒருநாள் சோமு செட்டியார் என்பவர் வீட்டில் தமையனார் நிகழ்த்தவேண்டிய பெரியபுராணப் பிரசங்கத்தை, அவர் நோயுற்றமையால் தம்பியார் சென்று நிகழ்த்தினார் என்றும், அன்றே அவர்தம் புலமை வெளிப்பட்டதென்றும் கூறுவர்.

அக்காலத்தில் அடிகள் திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டு மீள்வதனை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஒற்றியூர் சென்று பசியோடு திண்ணையில் இளைத்துப் படுத்திருந்த தருணத்தில், தம்மை எழுப்பி, கிண்ணத்தில் அமுதளித்துப் பசி தீர்த்த அருளைப் பிற்காலத்தில் அவர் பாடியுள்ளார். அமுதளித்தவர் தெய்வமே என்பது அவர் கொள்கை. பசி, திண்ணை, அயர்ந்த உறக்கம், கையில் ஏந்திய கிண்ணம் ஆகிய இந்நான்கும் அப்பாட்டிலே தெளிவாக நிற்கின்றன. வானத்தையும் கடலையும் உவமைக்கு அழைத்தாரல்லர். தாம் படுத்திருந்த திண்ணையே போதியதாயிற்று. அவ்விரவின் பசி அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை என்பதனை மேலே காண்போம்.

1850ஆம் ஆண்டில் உற்றார் வற்புறுத்தலால், தமக்கையார் உண்ணாமுலையம்மையாரின் மகளான தனக்கோடியம்மையை மணந்தார். ஆயினும் இல்லறத்தில் அவர் மனம் ஈடுபடவில்லை. 1854ஆம் ஆண்டில் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. தன் மகன் தேரூர்ந்து கன்றைக் கொன்றமை கேட்ட மனுச்சோழன், தான் முன்பு என்ன பாவஞ் செய்தேனோ என்று தன்னைத்தானே வினவி வருந்துவதனை அந்நூல் விரித்துரைக்கும். கதை பழையது, ஆயினும் தன்னைத்தானே நிறுத்திவைத்து வினவும் அம்முறை அடிகளுக்கே உரியது.

1858ஆம் ஆண்டில் சென்னையை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டுச் சிதம்பரம் வழிபட்டு, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். 1867 வரை ஏறத்தாழ ஒன்பதாண்டு அவ்வூரே அவருக்கு உறைவிடமாயிற்று. எண்ணெயென்று கருதி வார்த்த தண்ணீரால் விளக்கெரிந்தது என்று பலரும் கூறும் நிகழ்ச்சி அவ்வில்லத்தில் நடந்ததே. அதனையும் அவர் சென்னை நண்பர்களை விளித்துச் சொல்லும் ஒரு செய்யுளாக்கினார். தொலைவிலுள்ள நண்பருக்குச் செய்தி எழுதுவதுபோல அச்செய்யுள் அமைந்துள்ளது. கடிதங்களில் அவர் தம் பெயருக்கு முன் இட்டுக்கொண்டது தந்தை பெயரன்று. சிதம்பரம் என்னும் ஊர்ப்பெயரே.

அடிகள் பாடியவற்றை அச்சிடவேண்டுமென்று அவர் விரும்பவில்லை. அன்பர்களே விரும்பினர். அவருள் ஒருவராகிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடற் சுவடிகள் கையில் வந்து சேருமளவும் நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென 1860ஆம் ஆண்டில் உறுதி கொண்டார். ஒருவர் தம் பொருட்டுப் பட்டினி கிடப்பதனை அடிகள் பொறுப்பாரோ? அவ்விரதத்தை விட்டுவிடும்படி வேண்டியும், பாடல்களை அனுப்புவதாக இசைந்தும் கடிதமெழுதினார். இராமலிங்கசாமி என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுதலால் தமக்குச் சம்மதமன்றென்றும் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த திருவருட்பா முதல் நான்கு திருமுறைகள் 1867ஆம் ஆண்டில் வெளிவந்தன.

நூல் வெளிவந்தபின் எதிர்ப்பும் எழுந்தது. முற்காலத்து அருளாளர் பாடல்களுக்கே உரிய பெயரை இக்காலத்து ஒருவர் பாடல்களுக்கு இடலாமோ என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் அவரைச் சார்ந்தோரும் மறுத்தனர். தமிழ் உரைநடைக்கும் பழைய நூற்பதிப்பிற்கும் நாவலர் செய்த தொண்டும் பெரிதேயாகும். இரு திறத்தாரும் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டனர். 1869ஆம் ஆண்டில் இப்பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. தம் காலத்திலே தம் வாழ்வைப் பொருளாக்கி ஒருவர் பாடுவதற்கும், அதனை உலகம் ஏற்பதற்கும் இடையில் இத்துணைத் தடை உண்டென்பதனை இதனால் அறியலாம்.

இனி இச்சரித்திரத்தின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். ஆறாந் திருமுறையில் பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்றொரு பகுதி உளது. அஃது 133 பாட்டுக்களாலாயது. மகன் தந்தையிடம் தன் குறையைச் சொல்லுவதுபோல், அடிகள் இறைவனிடம் தம் வாழ்க்கை முழுவதனையும் எடுத்துரைக்கின்றார். பன்னிரண்டாம் வயது தொடங்கி அன்றுவரை தமக்கு நேர்ந்தவற்றை நினைத்துக் கூறின் அவை முடிவுபெறா என்றும், ஆதலின் ஒருசிலவே கூறியதாகவும் அதனுள் மொழிகின்றார். பெற்ற தந்தையின் முகத்தையே நினைவில் அறியாத ஒருவர், தந்தையை விளித்து இத்துணை நீண்ட விண்ணப்பம் எழுதினாரென்பதனை எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கின்றது. தமக்கு வாய்க்காததொன்றே அவர் எழுத்திற்கு வாயிலாயிற்று.

அவ்விண்ணப்பத்திற் கூறப்பட்டவை யாவை? பெருஞ்செயல்களல்ல. கைகளை வீசி நடக்க நாணிக் கைகட்டி நடந்தமையைக் கூறுகின்றார். உடம்பு தெரிய வெளிப்படுவதற்கு அஞ்சி வெள்ளைத் துகிலால் உடல் முழுதும் மறைத்தமையைக் கூறுகின்றார். உயர்ந்த இருக்கையில் அமரவும், காலின்மேற் கால் வைக்கவும் பயந்தமையைக் கூறுகின்றார். கையிற் சேர்ந்த பணத்தைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்தமையைக் கூறுகின்றார். காக்கை கூவவும் பருந்து கத்தவும் உள்ளங் கலங்கியதனை மறைக்கவில்லை. வலையையும் தூண்டிலையும் கண்டு நடுங்கியதும், சிறு தெய்வங்களுக்குப் பலியிட ஆட்டையும் பன்றியையும் கோழியையும் கடாவையும் கொண்டுபோகக் கண்டு நொந்ததும், நீரின்றி வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதும், வீடுதோறும் இரந்தும் பசி நீங்காதவரைக் கண்டு பதைத்ததும், நெடுநோயாளரைக் கண்டு துடித்ததும் ஒவ்வொன்றாக வருகின்றன.

இவற்றுள் எதனை நாம் காணாதிருக்கின்றோம்? வாடிய பயிரை நம் நிலத்தில் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பலிக்குச் செல்லும் ஆட்டைத் தெருவிற் காண்கின்றோம். காக்கை நம் முற்றத்திலேயே கூவுகின்றது. கண்டவர் பலர், கண்டபோது தம் உள்ளத்தில் நிகழ்ந்தது யாதென்று நின்று நோக்கி, நாணாமல் எழுதியவர் ஒருவர். அவ்வளவே வேறுபாடு. துறவி என்று உலகம் வணங்கும் ஒருவர், பருந்தின் குரலுக்கு அஞ்சினேன் என்று எழுதுவதற்கு எத்துணை உண்மையுள்ளம் வேண்டும்! கற்பவர்முன் தம்மை உயர்த்திக் காட்டும் எண்ணம் சிறிதிருந்தாலும் அச்செய்தியை அவர் விடுத்திருப்பார். வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்தீன் என்னும் கிறிஸ்தவப் பெரியாரும், ஏறத்தாழ 400ஆம் ஆண்டில், சிறுவயதில் பேரிக்காய் திருடியது முதலாகத் தம் வாழ்வை இறைவனை நோக்கிய விண்ணப்பமாகவே எழுதினார். நாடும் சமயமும் வேறாயினும், பொய்கூற இயலாத ஒருவரிடம் கூறுவதுபோல எழுதும் முறை இருவர்க்கும் ஒன்றாயிற்று.

எழுத்தோடு அடிகள் நின்றுவிடவில்லை. ஜீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலிற் பசியை அவர் விவரிக்கும் பகுதியைப் படிப்போர் திடுக்கிடுவர். பசி மிகுந்தவனுக்கு அறிவு மயங்குவதும், கண் பஞ்சடைந்து குழிவதும், காது இரைவதும், நா வறள்வதும், கைகால்கள் துவள்வதும், வயிறு எரிவதும் அங்கே ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லப்படுகின்றன. ஏட்டைப் பார்த்து இதனை எழுத இயலாது. ஒற்றியூர்த் திண்ணையிற் பசித்துப் படுத்திருந்தவரும், இரந்து நின்றாரை அருகிருந்து கண்டவருமான ஒருவரே இவ்வாறு எழுத வல்லவரென்பது எம் துணிபு.

அவ்வனுபவமே செயலாகவும் மலர்ந்தது. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில், 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையை அடிகள் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது பேணப்பட்டு, வருவோர்க்கெல்லாம் விலையின்றிச் சோறு வழங்கப்பட்டு வருகின்றது. அடிகள் மறைந்த பின்னர், 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டியது. அதற்கு முன்னரே அவ்வடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. தன் பசியை மறவாத ஒருவர் பிறர் பசிக்கு அடுப்பு மூட்டினார் என்பதே இச்சரித்திரத்தின் சாரமாம்.

1870ஆம் ஆண்டு முதல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அடிகள் உறைந்தார். வடலூரில் எழுப்பிய சத்திய ஞானசபையில் 1872ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கிற்று. 1873ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் நாள் சித்திவளாகத்திற் கொடியேற்றிப் பேருபதேசம் நிகழ்த்தினார். 1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் நாள் இரவு அறையினுட் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். ஆறாந் திருமுறை அவர் மறைந்தபின் 1885ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்தது. தம் வாழ்வை முழுதும் திறந்து கூறிய பெரு விண்ணப்பம் நூலாகி வந்ததனை அவர் கண்ணாற் கண்டிலர்.

ஒரு செய்தியை இவ்விடத்து மறைத்தல் முறையன்று. பெரியோர் ஒருவரை இன்ன குலத்தார் என்று உரிமை கொண்டாடுதல் சங்கங்களின் இயல்பு. அடிகளோ சாதி சமய வேற்றுமைகளைக் கடந்து நிற்கவேண்டுமென்று பிற்காலத்தில் அழுத்தமாகக் கூறியவர். தருமச்சாலையில் வந்தவரின் குலத்தை வினவாது பசியையே வினவினார். அவர் பாடிய தம் வாழ்வில் குலப்பெருமை பொருளாகவில்லை. அவரைப் போற்றும் நம் போன்ற சங்கத்தார் இதனை உள்ளத்திற் கொண்டே போற்றுதல் வேண்டும். நம் குடும்பங்களின் வாழ்வை நாம் எழுதுங்காலும், எம் குலம் உயர்ந்தது என்று காட்டுதற்கு எழுதாது, யாம் கண்டதும் பட்டதும் இவை என்று கூறுதற்கே எழுதுவோமாக.

எழுதுதற்குரிய பொருள் நம் வீட்டிற் குறைவின்றிக் கிடக்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது கண்டவை நம்முட் பலருக்கு நினைவிருக்கும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30இல் தானே புயல் வீசி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த மறுநாட் காலை, தாத்தா தோப்பிலே எவ்வாறு நின்றார் என்பதனைக் கண்ட பேரப்பிள்ளைகள் உள்ளனர். தில்லைத் தேர்த் திருவிழாவில் வழிதவறி அழுத குழந்தை இன்று பாட்டியாயிருக்கலாம். முதல் முதல் வேலைக்கென்று ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில், திண்ணையிலிருந்த தாயார் சொல்லாமல் விட்ட சொல் ஒருவர் நெஞ்சில் இருக்கலாம். இவற்றை எழுதுவதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. கண்டதனைக் கண்டவாறு கூறும் நேர்மை வேண்டும். பிறர் குற்றத்தை அடுக்குதல் வேண்டா. அடிகளைப்போல நம் அச்சத்தையும் நாணத்தையும் முன்வைத்து எழுதுவோமாயின், எழுத்தில் மனவேற்றுமைக்கு இடமிராது.

முதியோர் நம்மை விட்டுப் பிரியுந்தோறும் அவர் கண்டவையும் உடன் மறைகின்றன. ஆதலின் இம்மாதத்திலேயே நம் வீடுதோறும் ஒருவர் தம் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ அமர்ந்து ஒரு நிகழ்ச்சியைக் கேட்டெழுதி இவ்வெளியீட்டிற்கு அனுப்புவாராக. இளைஞர் தாம் கண்டதனையே எழுதுக. நம் தாய்மாரும் சகோதரிகளும் அடுக்களையில் அறிந்த பசியையும் பகிர்வையும் எழுதுக. வடலூருக்குச் செல்வோர் தருமச்சாலை அடுப்பின் எதிரே சிறிது பொழுது நிற்பாராக. ஒருவர் தம் பசியை மறவாமையால் எரியத் தொடங்கிய தீ அது. அதனைக் கண்டு வீடு திரும்புவோருக்கு எழுதப் பொருளில்லை என்று சொல்ல வாயெழாது.